ஒரே மூச்சில் ஓர் ஏச்சு

“எங்கண்ணன் மாதிரி ஒரு மனுசன் இந்த மலையிலயே கெடையாது” என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார் சண்முகவடிவு. ரொட்டியைத் திருப்பிப் போட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. “என்னா பொறும, என்னா புத்தி! அவரு கால் தூசிக்கு வருவாங்களா சில பேரு?”

இப்போது கணவரிடமிருந்து பதில் வந்தது.

“ஒங்கண்ணனா? கொட்டுற மழையில கொட வாங்கப் போயி, புதுக் கொட நனஞ்சிரும்னு சட்டைக்குள்ள வச்சிக்கிட்டு, தொப்பதொப்பையா வந்து நின்ன மனுசன்தானே ஒங்கண்ணன்? அவன் பவுச எங்கிட்டப் பேசாத!”

சண்முகவடிவு கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கடைசிச் சொல் காதில் விழுந்த பிறகுதான் கருகத் தொடங்கிய ரொட்டியை எடுத்துத் தட்டில் போட்டார். “வாய்க்கு மட்டும் கொறச்சலில்ல” என்றார். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டுக்குக் கிளம்பினார். முகத்தில் ஏச்சு வாங்கிய சுவடே இல்லை. அடுப்பில் பால் பொங்காமல் பார்த்துக்கொண்ட ஒருவரின் நிம்மதிதான் இருந்தது.

டிக்கோயாவிலிருந்து மேலே ஏறும் தோட்டத்து ரோட்டில், மேற்கணக்கு என்கிற பிரிவில் இருக்கிறது அவர்களுடைய லயம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். நடுச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் இரண்டு வீடு தள்ளித் தும்முவார்கள். ஒரு வீட்டுச் சண்டைக்கு அடுத்த வீட்டில் தீர்ப்புச் சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்திலும், சண்முகவடிவின் குரலுக்குத் தனியாக ஒரு பேர் உண்டு. கொழுந்து எடுக்கும் மலையில் அவர் மேல் வரிசையில் நின்று பேசினால் கீழ் வரிசையில் நிற்பவர்கள் பதில் சொல்வார்கள். கொழும்பில் வேலை செய்யும் மகள் சுதர்ஷினியோடு ஃபோனில் பேசும்போது, “அம்மா, ஃபோன வச்சிட்டுப் பேசுங்க, அப்பவும் கேக்கும்” என்று அவளே கேலி செய்வாள்.

யாரையும் மரியாதை போட்டு அழைப்பது அவருக்கு வராது. ஆம்பிளைப் பிள்ளைகள் எல்லாரும் ‘டா’, பொம்பிளைப் பிள்ளைகள் எல்லாரும் ‘டீ’. தோட்டத் தலைவர் ராமநாதனைக்கூட “வாய்யா தலைவரே” என்றுதான் கூப்பிடுவார். மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவுக்கு மட்டும் ஒரு ‘வாங்க’ கிடைக்கும். அதுவும் அவர் திரும்பி நடக்கிற வரைக்கும்தான். கேட்டால், “மரியாத குடுத்துப் பேசுனா சனம் அந்நியமாப் போயிரும்டி” என்பார்.

லயத்துக்குக் கீழே முச்சக்கர வண்டி வைத்திருக்கும் துஷாந்துக்குத்தான் அன்றாடம் அதிகமாகக் கிடைக்கும்.

“டேய் துஷாந்து, ஒன் வண்டி ஏத்தத்துல இருமுறதப் பாத்தா, எங்க வீட்டு மனுசனுக்கு மாதிரி அதுக்கும் ஒரு மூச்சு பம்ப் வாங்கிக் குடுக்கணும்டா.”

“வாங்கிக் குடுங்க அத்த. வண்டிக்குப் பின்னால ஒங்க பேர எழுதி வைக்கிறேன்.”

“எழுதுடா. ‘வாயாடி வழங்கியது’ன்னு பெருசா எழுது.”

வாயாடி. லயத்தில் அவருக்கு அந்தப் பேர்தான். அதையே இங்கேயும் எழுதி முடித்துவிடுவது சுலபம். ஆனால் காலையில் ரொட்டி கருகும்வரை காது கொடுத்து நிற்கிற ஒருவரை அந்த ஒரு சொல்லுக்குள் எப்படி அடைப்பது?

கணவர் ஆண்டியப்பன் இவருக்கு நேர் எதிர். தேத்தண்ணி வேணுமா என்றால் “ம்”. மழை வரும் போலிருக்கே என்றால் “ம்”. மகள் ஃபோன் எடுத்தால் “சாப்டியா” என்று கேட்டுவிட்டு ஃபோனை மனைவியிடம் நீட்டிவிடுவார். அன்றைய தேதிக்கு அதுவே பெரிய பேச்சு. தோட்டத்து ஸ்டோரில், தேயிலைத் தூள் சலிக்கும் பகுதியில் பல வருசம் நின்றவர். அவருக்கு மூச்சிழுப்பு எப்போது தொடங்கியது என்று இருவருக்கும் சரியாக ஞாபகமில்லை. தூசும் காரணமாக இருக்கலாம், குளிரும் இருக்கலாம், அடுப்புப் புகையும் இருக்கலாம் என்று டொக்டர்மார் சொன்னார்கள். தூசியை விட்டு ஸ்டோர் கேட்டில் காவலுக்கு மாற்றிக்கொடுத்தார்கள். புகைக்குச் சண்முகவடிவு ஒரு வழி செய்தார்: விறகடுப்பை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய், உள்ளே காஸ் அடுப்பு வைத்தார். குளிரை என்ன செய்வது? டிக்கோயாவில் அது யார் சொல்லையும் கேட்பதில்லை.

இந்தக் காலைச் சண்டை தொடங்கியது ஆஸ்பத்திரி கிளினிக்கில். மூச்சு முட்டி இரண்டு தடவை வார்டில் இருந்துவிட்டு வந்த பிறகு, அங்கே ஒரு இளம் சிங்கள டொக்டர் ஆண்டியப்பனைச் சோதித்துவிட்டுச் சண்முகவடிவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: “அம்மே, கதா கரன்ன பெரி நம், பலாகென இன்ன எப்பா. எக பாரட்டம என்ன.”

பேச முடியவில்லை என்றால் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், உடனே வாருங்கள். சண்முகவடிவுக்குச் சந்தைச் சிங்களம் நன்றாகவே தெரியும். ஆனாலும் இந்தக் கதையை அவர் சொல்லும்போது கொஞ்சம் உப்பு, புளி சேர்ப்பார். “அந்த டொக்டர் புள்ள ‘என்ன’ங்குது. நானும் ‘என்ன’ங்கிறேன். அது திரும்பவும் ‘என்ன’ங்குது. வாங்கங்கிறதுக்குச் சிங்களத்துல ‘என்ன’ன்னு வச்சவன் எவன்டா?”

பக்கத்தில் நின்ற தமிழ் நேர்ஸ் தனுஷிகா விளக்கினாராம்: “ஒரு வசனத்த முழுசா, மூச்சு எடுக்காமப் பேச முடியுதான்னு பாருங்கம்மா. ரெண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நின்னு நின்னு பேசுனா ஆபத்து. வீட்ல வச்சிருக்கக் கூடாது.”

சண்முகவடிவுக்கு வந்த சந்தேகம் நியாயமானது. “மிஸ்ஸி, இவரு நல்லா இருக்கப்பவே பேச மாட்டாரே. ‘ம்’முன்னு சொல்ற மனுசன்கிட்ட வசனத்துக்கு நான் எங்க போறது?”

தனுஷிகா சிரித்துவிட்டார். “அப்ப அவரு எதுக்குத்தான் வாயத் தொறப்பாரு?”

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் சண்முகவடிவு அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தார். ஆண்டியப்பன் முழு வசனம் பேசி அவர் கேட்டது ஒரே ஒரு விசயத்துக்குத்தான். கொத்மலைப் பக்கம் கடை வைத்திருக்கும் சண்முகவடிவின் அண்ணன் கந்தப்பனை யாராவது புகழ்ந்தால் போதும். கல்யாணமான புதிதில் மச்சானுக்கும் மச்சானுக்கும் நடுவில் ஏதோ ஒரு பேச்சு. அது என்ன பேச்சு என்று இருவருக்குமே மறந்துவிட்டது. கோபம் மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறது. அடுத்த நாள் காலையில், ரொட்டி சுடும்போது, சண்முகவடிவு முதல் தடவையாக அண்ணனைப் புகழ்ந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குடைக் கதை வந்தது.

அன்றிலிருந்து அந்தக் குடைதான் அவருக்கு அளவுகோல். ஒரே மூச்சில் ‘எங்கிட்டப் பேசாத’ வரைக்கும் வந்துவிட்டால் நிம்மதியாக மலைக்குப் போகலாம். ‘சட்டைக்குள்ள’ என்ற இடத்தில் மூச்சு வாங்கினால், தன் கண் முன்னாலேயே பம்ப் அடிக்க வைத்துவிட்டுத்தான் படியிறங்குவார். ‘கொட்டுற மழையில…’, ‘கொட வாங்க…’ என்று துண்டு துண்டாக வந்த ஒரு நாள், மறுபேச்சில்லாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். மூச்சை அளக்கிறேன் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. லயத்துக்குத் தெரிந்தது, வடிவக்கா புருசனைக் காலையிலேயே கிளறிவிட்டு ஏச்சு வாங்குகிறார் என்பது மட்டும்தான்.

இது அக்கறையா, கணக்கா, வெறும் பழக்கமா? அவரிடம் கேட்டால், “போடி, ஒனக்கு வேற வேல இல்ல” என்பார். ஆண்டியப்பனிடம் ஒரு தடவை மகள் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “என்னயப் பேச வைக்கத்தான் பேசுறா. தெரியும்” என்றார். பிறகு, “ஆனா அவன நெனச்சா கோவம் உண்மையாவே வருதே” என்றும் சொன்னார்.

அடுத்த வீட்டு வினோதாவின் கைக்குழந்தைக்குச் சளி பிடித்தபோது சண்முகவடிவு செய்ததையும் சொல்ல வேண்டும். குழந்தையின் சட்டையைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவில் குழி விழுகிறதா என்று வெகு நேரம் பார்த்தார். கழுத்துக்குழியைப் பார்த்தார். உதட்டையும் நகத்தையும் பார்த்தார். “பால் குடிக்குதாடி?” என்று கேட்டார். குடிக்கிறது என்றதும்தான் சட்டையை இறக்கிவிட்டார். “இதுக்குச் சண்ட போடத் தெரியாதுல்ல. அதான் நெஞ்சப் பாக்கணும். பள்ளம் விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமப் போனாலோ, நீலம் பாஞ்சாலோ எங்கிட்ட வராத, நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடு.”

போன ஆனி மாத மழையில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஆண்டியப்பனுக்கு வியாழக்கிழமையே தடிமனும் சளியும். வெள்ளிக்கிழமை குடைக் கதை ‘சட்டைக்குள்ள’ என்ற இடத்தில் நின்றது. சனிக்கிழமை இன்னும் மோசம். பம்ப் அடித்தால் முன்பெல்லாம் பொழுது சாயும்வரை தாங்கும். இப்போது தேத்தண்ணி ஆறுவதற்குள் மறுபடி கை சட்டைப் பைக்குப் போனது. “வாய்யா, போயி ஒரு தரம் காட்டிட்டு வந்துருவோம்” என்றார் சண்முகவடிவு. ஆண்டியப்பன் தலையாட்டினார். “நாளைக்கு” என்றார். சண்முகவடிவும் விட்டுவிட்டார். அன்று இரவு லயம் முழுவதும் அவர் நெஞ்சிலிருந்து வரும் விசில் கேட்டது. சுவருக்கு மேலே ஏறி, கூரைத் தகரத்தின் கீழாக நடந்து, எல்லா வீட்டுக்குள்ளும் இறங்கியது.

விடிந்தபோது சத்தம் மெலிந்திருந்தது. காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு அது அறவே இல்லை.

தலைவர் ராமநாதன் கொத்தமல்லித் தண்ணியோடு வந்தார். நல்ல மனுசன், யார் வீட்டில் நோவென்றாலும் முதலில் வந்து நிற்பவர். “பாத்தியா வடிவு, சத்தம் அடங்கிருச்சி. ராத்திரி பூரா விசிலடிச்சிச்சே, இப்ப ஒன்னுமே இல்ல. சாமி காப்பாத்திட்டாரு. படுக்க வச்சி நல்லாப் போத்தி விடு. தூங்கட்டும்.”

இந்த லயத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். சுவர் வழியாக ஒருவர் நோவை ஒருவர் காதால் அறிகிற இடம் இது. பிள்ளை அழுகை நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது. இருமல் நின்றால் இருமல் விட்டது. இழுப்புச் சத்தம் நின்றால் இழுப்பு நின்றது. வேறு எப்படி நினைப்பார்கள்? சண்முகவடிவும் அப்படித்தான் நினைத்தார். இரண்டு நாள் சேர்ந்த துணியை வாளியில் போட்டு, தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போக எடுத்துவிட்டார். வாசல்வரை போனவரை, பழக்கம்தான் திருப்பிக் கூப்பிட்டது. ரொட்டி சுடாத அன்றும் கேட்டுவிடுவோமே என்று நின்றார்.

ஆண்டியப்பன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்கள் காதை நோக்கி ஏறியிருக்க, முன்னால் குனிந்திருந்தார். மலையே குளிரில் விறைத்துக் கிடக்க, அவர் நெற்றியில் வேர்வை.

“எங்கண்ணன் கந்தப்பனப் பாரு” என்றார் சண்முகவடிவு. “மழையோ வெயிலோ, ஒரு தும்மல் உண்டா அந்த மனுசனுக்கு? ராசா மாதிரி ஒடம்பு!”

ஆண்டியப்பன் முகத்தை உயர்த்தினார். வாய் திறந்தது. உதடு ‘ஒங்…’ என்று குவிந்தது, ஒலி வரவில்லை. மனைவியைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

“ஆமா” என்றார்.

ராமநாதன் விழுந்து விழுந்து சிரித்தார். “அட, மனுசன் ஒத்துக்கிட்டாருப்பா! இன்னக்கித்தான் ஒங்க வீட்ல சமாதானம்!”

சண்முகவடிவின் கையிலிருந்த வாளி கீழே இறங்கியது. கிட்டே போய், கணவரின் சட்டையை விலக்கிப் பார்த்தார். கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. நெஞ்சு மட்டும் அவ்வளவு பாடுபட, மூக்கருகில் வைத்த விரலில் காற்று படவே இல்லை என்று சொல்லலாம். கையை எடுத்து நகத்தைப் பார்த்தார். வினோதாவின் குழந்தையிடம் தேடிக் காணாத நிறம் இங்கே இருந்தது.

வாசல் இஸ்தோப்புக்கு ஓடிவந்து, இருக்கிற குரலையெல்லாம் எடுத்துக் கத்தினார். “ஓடி வாங்கடா! மனுசன் போயிருவாரு போல இருக்குடா!”

பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மறுபடி குனிந்துகொண்டார்கள். “ஞாயித்துக்கெழமையும் இந்தச் சண்டைக்கு லீவு இல்லியா?” என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். மேல் வீட்டு ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. ‘மனுசன் போயிருவாரு’ என்பதை அவர்கள் வாராவாரம் கேட்டவர்கள். சம்பா அரிசி குழைந்துபோன அன்றும் கேட்டிருக்கிறார்கள்.

இன்னொரு தடவை கத்துவதற்காக இழுத்த மூச்சை சண்முகவடிவு அப்படியே நிறுத்தினார். கத்தினால் யாரும் வர மாட்டார்கள் என்பது ஒரு கணத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. படியிறங்கினார். கீழே துஷாந்த் முச்சக்கர வண்டியின் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் முன்னால் போய் நின்றார்.

“தம்பி துஷாந்த்” என்றார், தாழ்ந்த குரலில். “கொஞ்சம் வண்டிய எடுக்குறீங்களா?”

துஷாந்தின் கையிலிருந்த சீலைத்துண்டு வாளிக்குள் விழுந்தது. பிறந்ததிலிருந்து அவரிடம் ‘டா’ வாங்கியே வளர்ந்தவன். ஏன், என்ன என்று அவன் கேட்கவில்லை. எழுந்து லயத்தைப் பார்த்து, “வினோதாக்கா! அம்புலன்ஸுக்கு, 1990க்கு அடிங்க! ஆண்டியப்பன் மாமாவுக்கு மோசம்!” என்று கத்திவிட்டு, படிகளைத் தாவி ஏறினான். இப்போது பீலியடியில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. ரேடியோவை யாரோ அணைத்தார்கள்.

வினோதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்புலன்ஸ்காரர்களோடு சிங்களத்தில் பேசினாள். ஹுஸ்ம கன்ன அமாரு. மூச்சு எடுக்க முடியவில்லை. கதா கரன்ன பெரி, பேச முடியவில்லை. அந்தப் பக்கத்தில் சொன்னதைக் கேட்டுக் கேட்டு இந்தப் பக்கத்தில் சொன்னாள்: “படுக்க வைக்க வேணாமாம். நிமித்தி ஒக்கார வைக்கட்டாம். பம்ப விடாம அடிக்கச் சொல்றாங்க. ரோட்டுல மண்ணு சரிஞ்சி கெடக்குன்னு சொன்னேன். பெரிய ரோட்டு சந்தியில வந்து நிக்கிறாங்களாம், நம்மள கீழ எறக்கச் சொல்றாங்க.”

இரண்டு பேர் ஆண்டியப்பனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்து வண்டியில் ஏற்றினார்கள். ராமநாதனுக்கு இன்னமும் நம்பிக்கை வரவில்லை. “சத்தந்தான் இல்லியே வடிவு… கொஞ்சம் சாச்சிப் படுக்க வச்சா…”

“வேணாங்க தலைவரே” என்றார் சண்முகவடிவு. “ஒக்காந்தே வரட்டும். நீங்களும் ஏறுங்க, மறுபக்கம் புடிச்சிக்கிட்டா ஒதவியா இருக்கும்.”

அந்த ‘நீங்களும்’ ராமநாதனின் வாயை அடைத்தது. அவர் ஏறிக்கொண்டார்.

கீழே இறங்கும் வழியில் சண்முகவடிவு கணவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். வண்டி குழியில் விழும்போதெல்லாம் கணவரின் முதுகைத் தன் தோளால் தாங்கினார். பம்பை அவர் வாயில் வைத்து அழுத்தினார், அவர் இழுப்பதற்குக் காத்திருந்தார், மறுபடி அழுத்தினார். மண் சரிந்த இடத்தில் துஷாந்த் இறங்கிப் பார்க்கவில்லை. தேயிலைச் செடிகளை உரசிக்கொண்டு வண்டியை ஓரமாக எடுத்துவிட்டான். ஆண்டியப்பனின் தலை ஒரு தடவை தளர்ந்து சாய்ந்தது. “இந்தாங்க” என்றார் சண்முகவடிவு. “இந்தாங்க, முழிச்சிக்கிட்டு இருங்க.” கணவரையும் ‘ங்க’ போட்டு அழைத்ததைக் கண்ணாடியில் பார்த்த துஷாந்த், வண்டியை இன்னும் விரட்டினான்.

சந்தியில் அம்புலன்ஸ் நின்றது. ஒக்சிஜன் வைத்தார்கள். அதிலிருந்த பையன் ஆண்டியப்பனின் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டான். முகம் மாறியது. ஆஸ்பத்திரிக்கு ஃபோனில் ஏதோ சொன்னான்; அதற்குப் பிறகு சைரன் போட்டார்கள்.

அவசரப் பிரிவில் திரைக்கு உள்ளே ஆண்டியப்பன். வெளியே வாங்கில் உட்கார்ந்தபடி சண்முகவடிவும் ராமநாதனும். டொக்டர் ஒருவர் திரையை விலக்கிக்கொண்டு வந்து, எப்போதிலிருந்து சத்தம் இல்லை என்று கேட்டார். விடிஞ்சி கொஞ்ச நேரத்துலருந்து என்றார் சண்முகவடிவு. டொக்டர் ராமநாதனைப் பார்த்தபடி, அவருக்கும் விளங்கட்டும் என்று கையால் காட்டிச் சொன்னார். மூச்சுக் குழாயின் வாய் குறுகினால் விசில் வரும். இன்னும் குறுகி அடைபட்டுப்போனால், காற்றே போகாது. காற்றுப் போகாத இடத்தில் சத்தம் எப்படி வரும்? நோயாளியும் களைத்துப்போய்விட்டார். மருந்துப் புகை கொடுக்கிறோம், ஊசி ஏற்றியிருக்கிறோம். மருந்துக்குக் கேட்கவில்லை என்றால் மெஷினில் போட வேண்டி வரும். கொஞ்சம் பொறுத்துத்தான் சொல்ல முடியும்.

ராமநாதன் தன் கைகளையே பார்த்துக்கொண்டு இருந்தார். “போத்தி விடச் சொன்னேனே, வடிவு” என்றார்.

“நானும்தாங்க துணி தொவைக்கப் போனேன்” என்றார் சண்முகவடிவு.

வெளியே மழை கொஞ்சம் விட்டு, மறுபடி பிடித்தது. துஷாந்த் மூன்று பேருக்கும் தேத்தண்ணி வாங்கி வந்தான். யாரும் குடிக்கவில்லை. தரை கழுவுகிறவர் வந்து வாங்கைத் தள்ளச் சொன்னபோது, “சரிங்கய்யா” என்று சண்முகவடிவு எழுந்து நின்றார். அப்படி நின்றதில் திரைக்கு மிக அருகில் வந்துவிட்டார். உள்ளே மெஷின் ஒன்று விட்டு விட்டுக் கூவியது. ஒக்சிஜன் சீறிக்கொண்டே இருந்தது. யாரோ நடந்தார்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் வேறொன்று தொடங்கியது. முதலில் நூல் மாதிரி. பிறகு கொஞ்சம் தடித்து, இழுபட்டு, கீச்சென்று ஏறி இறங்கி: ஈளை கட்டிய நெஞ்சின் அதே பழைய விசில்.

ராமநாதன் துள்ளி எழுந்தார். “ஐயோ, மறுபடியும் இழுக்க ஆரம்பிச்சிருச்சே! மிஸ்ஸி! ஓடி வாங்க மிஸ்ஸி…”

சண்முகவடிவு அவர் பக்கம் திரும்பி, தன் உதட்டின்மேல் ஒரு விரலை வைத்தார். மற்றக் கையால் காதை மூடியிருந்த முந்தானையை ஒதுக்கிவிட்டு, திரையோடு தலையைச் சாய்த்துக்கொண்டார்.